சுருட்டுக்கூடத்தின் வாசிப்பு மேடை

செய்தித்தாள் வாங்கப் போதிய வருவாயும் அதைப் படித்தறியும் எழுத்தறிவும் வாய்க்காத உழைப்பாளர், போரும் அடக்குமுறையும் சூழ்ந்த காலத்தில் உலக நடப்பை எவ்வாறு அறிந்தார்கள், அறிந்ததைக் கொண்டு எவ்வாறு செயலில் இறங்கினார்கள் என்ற கேள்விக்குத் தொழிலாளர் வரலாறு தரும் விடைகளுள் மிகத் தெளிவானது, கியூபாவின் சுருட்டுத் தொழிலாளர் கண்ட விடையாகும். அவர்கள் குரல்வளம் மிக்க ஒருவரைத் தேர்ந்து, சுருட்டு சுற்றும் கூடத்தில் உயரமான மேடையொன்றில் அமர்த்தி, நாள்தோறும் செய்தித்தாளையும் நூல்களையும் உரக்கப் படிக்கச் செய்தார்கள். அவருக்குரிய ஊதியத்தைத் தங்கள் கூலியிலிருந்தே கொடுத்தார்கள். ஸ்பானிய மொழியில் இவ்வழக்கத்துக்கு 'லெக்தூரா', அதாவது வாசிப்பு, என்று பெயர். படிப்பவர் 'லெக்தோர்' எனப்பட்டார். 1865ஆம் ஆண்டு ஹவானா நகரில் தொடங்கிய இவ்வழக்கம், கடல் கடந்து அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கும் புவெர்த்தோ ரீக்கோ தீவுக்கும் பரவியது. ஆட்சியாளராலும் ஆலை முதலாளிகளாலும் தடைசெய்யப்பட்டும் முற்றிலும் மறையாமல், கியூபாவில் இன்றும் நிலைத்திருக்கிறது. தடை விதித்தவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதை ஆராய்ந்தால், செய்தியை ஒருவர் தனித்துப் படிப்பதற்கும் பலர் கூடிக் கேட்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு புலப்படும். இவ்வழக்கத்தின் வரலாற்றுச் சிறப்பு முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

தொழிலின் இயல்பு

வாசிப்பு ஏன் சுருட்டுத் தொழிலில் வேரூன்றியது என்பதற்கு அத்தொழிலின் இயல்பே முதற் காரணம். கையால் சுருட்டு சுற்றும் கூடம் 'கலேரா' எனப்பட்டது. அதில் மரப்பலகைகள் வரிசை வரிசையாகப் போடப்பட்டிருக்க, ஒவ்வொரு பலகையின் முன்னும் தொழிலாளர் தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில் அமர்ந்திருப்பர். ஈரப்பதம் குன்றாத புகையிலைகளை உள்ளீடாகக் கையில் அடுக்கி, அவற்றை ஓர் இலையால் கட்டுறச் சுற்றி, அதன்மேல் நரம்பு தெரியாத மெல்லிய மேலிலையைச் சாய்வாக இழுத்துப் போர்த்தி, நுனியைச் சிறிதளவு பசையால் ஒட்டி முடிப்பது அவர்களின் வேலை. மேலிலையை அளவாக வெட்டுவதற்கு 'சாவேத்தா' என்னும் பிறை வடிவத் தகட்டுக் கத்தி ஒன்றே கருவி. இலையின் தடிப்பையும் நெகிழ்வையும் விரல்நுனி அறியுமேயன்றிக் கண்ணும் செவியும் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. இயந்திர ஓசையும் அங்கே இல்லை. நெசவாலையில் தறிகளின் இரைச்சலுக்கிடையே பக்கத்தில் நிற்பவரின் பேச்சே கேளாதபோது, சுருட்டுக்கூடத்தில் ஒருவரது குரல் நூற்றுக்கணக்கானோரின் செவிக்கு எட்டியது.

கூலிமுறையும் இதற்குத் துணைநின்றது. சுற்றி முடித்த சுருட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வழங்கப்பட்டதால், தொழிலாளர் தம்மை நேரத்தை விற்றவராகக் கருதாமல் கைவினைஞராகவே கருதினர். ஆகவே வேலை நேரத்தில் எதைக் கேட்பது என்பதைத் தாமே முடிவுசெய்யும் உரிமை தமக்கு உண்டு என்று அவர்கள் உறுதியாக எண்ணினர். பிற்காலத்தில் வாசிப்பின்மீது தடை விழுந்தபோதெல்லாம் அவர்கள் கூலி உயர்வுக்காகப் போராடிய அதே உறுதியுடன் போராடியதற்கு இந்த எண்ணமே அடிப்படை.

தொடக்கமும் முதல் தடையும்

வேலை செய்வோருக்குப் படித்துக் காட்டலாம் என்ற கருத்து தொழிற்கூடங்களுக்கு முன்பே கியூபாவில் பேசப்பட்டது. 1839ஆம் ஆண்டில் அத்தீவுக்கு வந்த ஹசிந்தோ தெ சாலாஸ் இ கிரோகா என்னும் ஸ்பானிய எழுத்தாளர், காப்பித் தோட்டங்களில் கொட்டை பிரிக்கும் அடிமைகள் மணிக்கணக்கில் வாய் திறவாது அமர்ந்திருப்பதைக் கண்டு, அவர்களுக்கு ஏதேனும் படித்துக் காட்டலாம் என்று எழுதினார். பின்னர் ஹவானாவின் சிறைக்கூடங்களில், சுருட்டு சுற்றும் வேலையில் ஈடுபடுத்தப்பட்ட கைதிகளுக்கு வாசிப்பு அறிமுகமாயிற்று; சீர்திருத்தவாதியான நிக்கோலாஸ் அஸ்காராத்தே அதற்கு ஆதரவு தேடினார். ஆயினும் சிறையில் கேட்பவர்களுக்குத் தேர்வுரிமை இல்லை. அந்த உரிமை தொழிற்கூடத்தில்தான் பிறந்தது.

பார்தகாஸ் ஆலையில் சுருட்டு சுற்றிவந்த சத்துர்னீனோ மார்த்தீனெஸ் என்பவர், 1865 அக்டோபரில் 'லா அவுரோரா' என்ற வார இதழைத் தொழிலாளருக்கெனத் தொடங்கினார். எழுத்தறியாதவர் பெரும்பாலோராக இருந்த ஒரு தொழிலில் இதழ் நடத்துவதன் வரம்பை அவர் விரைவில் உணர்ந்திருக்க வேண்டும். அச்சிட்டதைப் பலருக்குக் கொண்டுசேர்க்கக் குரல் தேவைப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'எல் ஃபீகரோ' ஆலையில் தொழிலாளர் ஒருவர் மற்றவர்களுக்குப் படிக்கத் தொடங்கினார். அவர் படிக்கும் நேரத்தில் இழக்கும் கூலியைக் கேட்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்து ஈடுகட்டினர். அடுத்த மாதமே பார்தகாஸ் ஆலையிலும் வாசிப்பு ஏற்பட்டது. ஒருசில மாதங்களில் நகரின் மற்ற ஆலைகளும் அதைப் பின்பற்றின.

கியூபா அன்று ஸ்பெயினின் குடியேற்ற நாடாகவும் அடிமைமுறை நீங்காத மண்ணாகவும் இருந்தது. 1886ஆம் ஆண்டில்தான் அங்கே அடிமைமுறை முற்றிலும் ஒழிந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே செய்தியைக் கேட்பது ஆட்சியாளருக்கு அச்சமூட்டியது. 'தியாரியோ தெ லா மரீனா' முதலிய ஆட்சிச் சார்பு ஏடுகள் வாசிப்பைக் கடுமையாகத் தாக்கின. 1866 மே 14ஆம் நாள் ஹவானாவின் ஆளுநர் ஆணையொன்றைப் பிறப்பித்து, ஆலைகளிலும் பட்டறைகளிலும் நூல்களையும் செய்தித்தாள்களையும் படித்தோ வேலைக்குத் தொடர்பில்லாத விவாதங்களை நடத்தியோ தொழிலாளரின் கவனத்தைத் திருப்பக் கூடாது என்று தடைவிதித்தார். தொடங்கி ஐந்து மாதம்கூட நிறைவடையாத ஒரு வழக்கத்தை ஒடுக்க அரசாணை தேவைப்பட்டது என்பதே, அவ்வழக்கம் எவ்வளவு விரைவாக வலுப்பெற்றது என்பதற்குச் சான்று.

கடல் கடந்த மேடை

1868 அக்டோபரில் கியூபாவின் முதல் விடுதலைப் போர் மூண்டது. பத்து ஆண்டுகள் நீடித்த அப்போரின்போது கைதுக்கும் வேலையின்மைக்கும் அஞ்சிய சுருட்டுத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்தனர். கியூபாவின் கரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், ஃபுளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் என்னும் சிறு தீவு அவர்களின் புகலிடமாயிற்று. போராளிகளுக்கு உதவியதற்காக ஹவானாவை விட்டு வெளியேற நேர்ந்த ஆலை முதலாளி விசென்தே மார்த்தீனெஸ் ஈபோர், 1869ஆம் ஆண்டு அங்கே தம் ஆலையை நிறுவினார். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே ஹவானாவுக்கும் கீ வெஸ்ட்டுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டிருந்ததால், போர்ச்செய்தி தீவுக்கு விரைந்து வந்துசேர வழியிருந்தது. சொந்த ஊரில் உற்றார் என்ன ஆனார் என்று அறியத் துடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அச்செய்தியைக் கூடத்தின் மேடையிலிருந்து சொல்லும் பொறுப்பு லெக்தோருக்கு உரியதாயிற்று. கீ வெஸ்ட்டின் லெக்தோர்களுள் ஒருவரான ஹோசே தோலோரெஸ் போயோ, 1878ஆம் ஆண்டில் 'எல் யாரா' என்ற விடுதலை இதழைத் தொடங்கினார். படிப்பவரே எழுதுபவராகவும் மாறிய இந்த நிலை பின்னர் பலமுறை நிகழ்ந்தது.

ஈபோர் 1885ஆம் ஆண்டில் டாம்பா நகரத்தை ஒட்டி நிலம் வாங்கித் தொழிலாளர் குடியிருப்புடன் கூடிய ஆலைநகரொன்றை அமைத்தார். அதுவே ஈபோர் சிட்டி. கியூபர்களோடு ஸ்பானியரும் சிசிலித் தீவிலிருந்து வந்த இத்தாலியரும் அங்கே குடியேறினர். ஹோசே மார்த்தி என்னும் கவிஞரும் விடுதலைத் தலைவருமானவர் 1891 நவம்பரில் டாம்பாவுக்கு வந்து, தொடர்ந்து இரண்டு இரவுகள் உரையாற்றினார். செல்வர்களின் உதவியை மட்டும் நம்பிய முந்தைய முயற்சிகள் தோற்றதை அறிந்திருந்த மார்த்தி, கூலித் தொழிலாளரின் சிறு காணிக்கையால் இயங்கும் கட்சியொன்றை எண்ணினார். 1892 ஏப்ரலில் முறைப்படி அறிவிக்கப்பட்ட கியூபப் புரட்சிக் கட்சிக்குச் சுருட்டுத் தொழிலாளர் ஒருநாள் கூலியை ஒதுக்கிக் கொடுத்தனர். நியூயார்க்கில் அவர் தொடங்கிய 'பாத்ரியா' இதழ் கூடத்தின் மேடைகளில் படிக்கப்பட்டது. 1895 பிப்ரவரியில் கிளர்ச்சி தொடங்குவதற்கான ஆணை, டாம்பாவில் சுற்றப்பட்ட ஒரு சுருட்டின் உள்ளே மறைத்துக் கியூபாவுக்கு அனுப்பப்பட்டது என்பது அந்நகரின் மரபுவழிச் செய்தி. சுருட்டு உண்மையில் ஓலையைச் சுமந்து சென்றதோ இல்லையோ, சுருட்டுக் கூலி அப்போரைச் சுமந்தது என்பதில் ஐயமில்லை.

கூடத்தின் ஒரு நாள்

டாம்பாவின் ஆலைகள் பெரும்பாலும் மூன்று தளங்கள் கொண்ட செங்கற் கட்டடங்கள். இலையின் நிறத்தைப் பிரித்தறிய நல்ல வெளிச்சம் வேண்டியிருந்ததால் நெடிய சன்னல்கள் வரிசையாக அமைக்கப்பட்டிருந்தன. சுற்றும் கூடத்தில், ஆள் உயரத்துக்கும் மேலாகக் கைப்பிடிச் சுவருடன் எழுப்பப்பட்ட மரமேடை 'திரிபூனா' எனப்பட்டது. லெக்தோர் ஒழுங்காக உடையணிந்து, அன்றைய நாளேடுகளைக் கையில் ஏந்தி அதில் ஏறி அமர்ந்ததும் பேச்சுக் குரல்கள் அடங்கும். காலை வேளையில் செய்திகள், அடுத்துத் தொழிலாளர் இயக்க ஏடுகளும் அரசியல் கட்டுரைகளும், பிற்பகலில் புதினம் என்று வாசிப்பு வகுக்கப்பட்டிருந்தது. ஆங்கில நாளேட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பானிய மொழியில் பெயர்த்துச் சொல்லும் திறன் பெற்ற லெக்தோர்களும் இருந்தனர். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் நூற்றுக்கணக்கானோருக்குக் கேட்கும்படி, தொண்டை கட்டாமல், புதினத்தில் வரும் கிழவருக்கும் குழந்தைக்கும் வெவ்வேறு குரல் கொடுத்துப் படிக்க வேண்டியிருந்ததால், லெக்தோராவதற்கு முன் ஒருவர் தொழிலாளர் முன்னிலையில் படித்துக் காட்டித் தேர்வுபெற வேண்டும் என்ற முறை ஏற்பட்டது.

தேர்வு, ஊதியம், நூல் ஆகிய மூன்றும் கேட்பவர்களின் கையில் இருந்தன. தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுவொன்று வாரந்தோறும் ஆளுக்கு 25 சென்ட் என்ற அளவில் தண்டியது. அடுத்துப் படிக்கப்பட வேண்டிய புதினம் வாக்கெடுப்பால் முடிவுசெய்யப்பட்டது. செர்வாந்தெஸின் 'தோன் கிஹோத்தே', விக்தோர் ஹியூகோவின் 'ஏழைபடும் பாடு', எமிலி ஸோலாவின் புதினங்கள் ஆகியன மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டன. 'ரோமியோ இ ஹூலியெத்தா', 'மோந்தே கிறிஸ்தோ' ஆகிய சுருட்டு வகைகளின் பெயர்கள் இந்த வாசிப்பிலிருந்தே வந்தன என்பர். படித்த பகுதி மனத்தைத் தொட்டால் தொழிலாளர் சாவேத்தாவைப் பலகைமீது தட்டித் தம் மகிழ்ச்சியை அறிவித்தனர். பிடிக்காதபோது கத்திகள் தரையில் வீசப்பட்டன. வேலையை நிறுத்தாமல், வாய் திறவாமல், கூடம் முழுவதும் ஒருசேரக் கருத்துரைக்கும் வழியை அவர்கள் தம் கருவியிலிருந்தே கண்டெடுத்தனர்.

கேட்டது கூடத்தோடு முடிந்துவிடவில்லை. மதிய உணவின்போதும் மாலையில் வீட்டுத் திண்ணையிலும் சங்கக் கூட்டத்திலும் அது விவாதமாயிற்று. காலையில் ஒரே சொற்களில் ஒரே செய்தியை அனைவரும் கேட்டிருந்ததால், மாலையில் முடிவெடுப்பதற்கு வேண்டிய பொது அறிவு ஏற்கெனவே உருவாகியிருந்தது. புவெர்த்தோ ரீக்கோவில் 1879ஆம் ஆண்டு பிறந்த லூயிசா காபெத்தீயோ, லெக்தோராகப் பணியாற்றிய மிகச் சில பெண்களுள் ஒருவர். மேடையிலிருந்து படித்தவற்றின் வழியே தம் சிந்தனையை வளர்த்துக்கொண்ட அவர், 1911இல் பெண்களின் உரிமைகள் குறித்து நூல் எழுதினார். பின்னர் ஈபோர் சிட்டியிலும் மேடையேறினார். இவ்விடங்களுக்கு அப்பாலும் சுருட்டுத் தொழிலாளரிடையே இப்பழக்கம் இருந்தது. அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக விளங்கிய சாமுவேல் காம்பர்ஸ், இளமையில் நியூயார்க்கில் சுருட்டு சுற்றியவர். அங்கும் ஒருவர் படிக்க, மற்றவர்கள் தாம் சுற்றிய சுருட்டுகளில் சிலவற்றை அவருக்கு ஈடாகக் கொடுத்தனர்.

மேடை இடிக்கப்பட்ட ஆண்டு

தொழிலாளர் ஒற்றுமைக்கு எதிரான வன்முறை டாம்பாவில் பலமுறை வெடித்தது. 1901ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது 'லா ரெசிஸ்தென்சியா' என்ற தொழிற்சங்கத்தின் தலைவர்கள் 13 பேர் கடத்தப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டு ஹோண்டுராஸ் கடற்கரையில் கொண்டுபோய் விடப்பட்டனர். 1920இல் தொடங்கி ஏறத்தாழ பத்து மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது, கிளர்ச்சிக்குக் காரணம் லெக்தோர்களே என்று முதலாளிகள் குற்றஞ்சாட்டினர். ஆனால் லெக்தோருக்கு ஊதியம் கொடுப்பவரும் அவர் படிப்பதைத் தேர்பவரும் தொழிலாளரே. மேடையில் ஒலித்தது அவர்களின் விருப்பம். ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது எளிது என்பதால் அக்குற்றச்சாட்டு ஓயாது திரும்பத் திரும்ப எழுந்தது.

1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சி சுருட்டுத் தொழிலின் அடித்தளத்தையே ஆட்டியது. விலை மலிந்த இயந்திரச் சுருட்டும் சிகரெட்டும் சந்தையை நிறைத்தன. கையால் சுற்றும் உயர்ரகச் சுருட்டை வாங்குவோர் குறைந்தனர். 1931 நவம்பர் 7ஆம் நாள், ரஷ்யப் புரட்சியின் ஆண்டு நிறைவைக் கொண்டாடத் தொழிலாளர் கூடியபோது காவலருடன் மோதல் ஏற்பட்டுப் பலர் கைதாயினர். அம்மாத இறுதியில் முதலாளிகள் ஒன்றுகூடி, பொதுவுடைமைக் கருத்துகள் பரவுகின்றன என்று காரணங்காட்டி, வாசிப்பை அறவே நிறுத்தினர். மேடைகள் பிரித்து அகற்றப்பட்டன. தொழிலாளர் வேலையை நிறுத்தினர். முதலாளிகள் ஆலைகளை அடைத்தனர். பட்டினி முன்னின்ற அக்குளிர்காலத்தில் தொழிலாளர் லெக்தோர் இல்லாமலே வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. மேடை இருந்த கூடங்களில் பின்னர் வானொலி ஒலித்தது. வானொலியும் செய்தி சொன்னது. ஆயினும் எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் அதனிடம் வாக்கெடுத்துக் கூற வழியில்லை.

மேடை போயிற்றே தவிர, அது அறுபது ஆண்டுகளாக ஊட்டிய பழக்கம் போகவில்லை. லெக்தோராகப் பணியாற்றிய விக்தோரியானோ மான்தெய்கா 1922இல் நிறுவிய 'லா கசேத்தா' இதழ், வாசிப்பு நின்ற பின்னரும் தொடர்ந்து வெளிவந்து, பிற்காலத்தில் ஸ்பானியம், ஆங்கிலம், இத்தாலியம் ஆகிய மும்மொழிகளிலும் செய்தி வழங்கியது. 1936ஆம் ஆண்டு ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, வேலை குறைந்து கூலி சுருங்கியிருந்த ஈபோர் சிட்டியின் தொழிலாளர் ஸ்பானியக் குடியரசுக்காகப் பணமும் உடையும் திரட்டி அனுப்பினர். பாஸ்க் நாட்டின் குவர்னிகா நகரம் 1937 ஏப்ரல் 26ஆம் நாள் வான்குண்டு வீச்சில் அழிந்தது. பத்தே நாட்களில், மே 6ஆம் நாள், ஈபோர் சிட்டியின் பெண்கள் முன்னின்று நடத்திய பேரணி டாம்பாவின் நகர்மன்றத்தை நோக்கிச் சென்றது. பெருங்கடலுக்கு அப்பாலிருந்த ஊரொன்றின் துயரத்தைத் தம் துயரமாக உணர்ந்து இவ்வளவு விரைவில் தெருவுக்கு வர, ஈபோர் சிட்டி மக்களுக்கு மூன்று தலைமுறைகளின் கேள்விப் பயிற்சி இருந்தது.

கண்ணூரும் தமிழ் நிலமும்

இதே வழக்கம் கியூபாவோடு தொடர்பின்றியே கேரளத்தின் வடபகுதியில், கண்ணூரின் பீடிப் பட்டறைகளிலும் தோன்றியது. மடியில் முறத்தை வைத்து, நறுக்கிய இலையில் புகையிலைத் தூளை இட்டுச் சுற்றி நூல் கட்டும் பீடித் தொழிலாளருக்கும் கை மட்டுமே வேலையில் இருந்தது; செவி விடுபட்டிருந்தது. தொழிலாளருள் ஒருவர் நாளேட்டைப் படிக்க, அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தனர். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்த முனைந்தபோது தனியார் முதலாளிகள் பட்டறைகளை மூட, ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். அந்நிலையில் 1969இல் பிறந்த கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவு, அவர்களுக்கு வேலையோடு வாசிப்பையும் மீட்டுத் தந்தது.

புகையிலைத் தொழில் தமிழ் நிலத்துக்கும் புதிதன்று. 'சுருட்டு' என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' என நிலைபெற்றது. திருச்சியும் திண்டுக்கல்லும் சுருட்டுக்குப் பேர்பெற்ற ஊர்கள். ஆனால் திருநெல்வேலி வட்டாரத்தில் பீடித் தொழில் பெரும்பாலும் பெண்கள் தத்தம் வீட்டு வாசலில் அமர்ந்து செய்யும் தொழிலாக அமைந்ததால், நூறு பேர் ஒரு குரலைக் கேட்கும் கூடம் அங்கே உருவாகவில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பணியைத் தேநீர்க்கடைகளும் இயக்கங்கள் நடத்திய படிப்பகங்களும் ஏற்றன. எனினும் அவை பெரிதும் ஆண்கள் கூடிய இடங்களாகவே இருந்தமையால், பீடி சுற்றிய பெண்களுக்குக் கண்ணூர்த் தொழிலாளர் பெற்ற வாய்ப்பு கிட்டவில்லை. ஒரே தொழில், வெவ்வேறு இட அமைப்பில், வெவ்வேறு அளவு பொது அறிவைத் தந்தது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

திருக்குறள் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைக்கிறது. கற்க வாய்ப்பில்லாதவர்க்கும் அறிவின் வாயில் அடைபடவில்லை என்பதை அந்த வைப்புமுறையே உணர்த்தும். ஹவானாவின் எழுத்தறியாத தொழிலாளர் அந்த வாயிலைத் தம் கூலியைக் கொடுத்துத் திறந்து வைத்தனர். கடினமான காலத்தில் தனித்துக் கேட்கும் செய்தி மனிதரை அச்சத்திலோ சோர்விலோ ஆழ்த்திவிடக்கூடும். அதே செய்தியை அருகிலிருப்பவரும் கேட்டார், அவரும் அதையே எண்ணுகிறார் என்று தெரியும்போது, அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி பிறக்கிறது. மேடைகளைப் பிரித்தவர்கள் அஞ்சியது அந்தக் கேள்விக்கே. 2012ஆம் ஆண்டு கியூப அரசு சுருட்டுக்கூட வாசிப்பை நாட்டின் பண்பாட்டு மரபுரிமையாக அறிவித்தது. அங்கே காலையில் நாளேடு மேடையேறுகிறது. படிப்பவர் ஒரு பகுதியை முடிக்கும்போது, இலையில் பழகிய கைகள் கத்தியைப் பலகையில் தட்டும் ஓசை இன்றும் எழுகிறது.